ஜவ்வாது மலைப் பச்சிலைகள்: எதை நம்பலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

“எங்கள் பாட்டி ஒடுகத்தூர்ச் சந்தைக்கு இறங்கி வரும் மலைக்காரர்களிடம் பச்சிலையும் வேரும் வாங்கித்தான் எங்களை வளர்த்தார். இப்போது அப்பாவுக்குச் சர்க்கரை நோய்; சித்தப்பாவோ மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதும் என்று மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். இந்த மருந்துகளில் உண்மை எவ்வளவு, வெறும் நம்பிக்கை எவ்வளவு?” என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை நிறையவே இருக்கிறது. ஆனால் அதில் பாதி இலையில் இருக்கிறது என்றால், மறுபாதி அந்த இலையைப் பறித்துப் பக்குவம் செய்து, ஆளைப் பார்த்து அளவு சொல்லும் மனிதரிடம் இருக்கிறது. அந்த மனிதரை விட்டுவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது மருந்து பாதியாகிவிடுகிறது. சில வேளைகளில் நஞ்சாகவும் ஆகிவிடுகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய வட ஆற்காடு என்பது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களையும் உள்ளடக்கியது. ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள், காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறிய முன்னோர்களின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள். சாமை விதைத்து, புளியும் கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்ந்த அவர்களுக்குக் காட்டு மரங்களும் மலைக் கொடிகளும் அத்துப்படி. சமவெளியில் ஏரிக்கரை ஓரங்களிலும் வயல்வெளிகளிலும் வாழும் இருளர்களின் அறிவு வேறு வகையானது. புதர், வரப்பு, எலி வளை, பாம்புப் புற்று ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்தது. மூன்றாவதாக, எந்தப் பட்டியலிலும் வராத ஊர்ப்புறப் பெண்களின் கைமருந்து இருக்கிறது. உங்கள் பாட்டி செய்தது அதுதான்; மலையிலிருந்து சரக்கை வாங்கி, வீட்டு அம்மியில் மருந்தாக்கியது. ஏட்டுச் சுவடி வழிவந்த சித்த மருத்துவம் இந்த மூன்றோடும் கொடுத்தும் வாங்கியும் வளர்ந்திருக்கிறது. ஆனால் இந்த மூன்றும் வாய்மொழியாகவே கைமாறி வந்தவை.

அனுபவமுள்ள ஒரு மலை வைத்தியரின் வழக்கத்தைக் கவனித்தால் அதற்குள் ஓர் ஒழுங்கு தெரியும். எந்த மாதத்தில் பறிப்பது, பூக்கும் முன்னா பின்னா, வேரா தழையா சமூலமா (வேரோடு கூடிய முழுச் செடியா), அரைத்த விழுது சுண்டைக்காய் அளவா நெல்லிக்காய் அளவா, மோரிலா வெள்ளாட்டுப் பாலிலா, எத்தனை நாள், அந்த நாட்களில் உப்பும் புளியும் உண்டா இல்லையா என்பவை எல்லாம் மருந்தின் பகுதிகளே. ஒரே செடியில் பருவத்துக்குப் பருவம், மண்ணுக்கு மண் வேதிப்பொருள்களின் அளவு மாறுகிறது என்பது இன்று ஆய்வகத்தில் அளந்து பார்க்கக்கூடிய செய்தி. பறிக்கும் காலத்தைப் பற்றிய கண்டிப்பு அதே உண்மையை வேறு வழியில் எட்டியிருக்கிறது. பத்தியத்தின் எல்லா விதிகளுக்கும் இப்படி விளக்கம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் பத்தியம் இருக்கும் நோயாளி ஓய்வெடுக்கிறார், எளிதில் செரிப்பதை உண்கிறார், சாராயத்தைத் தொடுவதில்லை. கல்லீரல் நோயில் இதுவே பாதி சிகிச்சை.

இந்த அறிவு பழையது என்பதற்காகவே அதைப் போற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். வயலில் அரிவாள் கீறினால் நம் பக்கத்தில் எல்லோரும் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப்பூண்டு நம் நாட்டுச் செடியே அன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்து பரவிய களை. வந்த செடியைப் பார்த்து, கசக்கி, காயத்தில் வைத்து, ரத்தம் நிற்பதைக் கண்டு, அதற்குத் தமிழில் பெயரும் வைத்து நம் மக்கள் அதை மருந்தாக்கியிருக்கிறார்கள். சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட அறிவு இது. சோதித்துச் சேர்த்ததைச் சோதித்து நீக்குவதும் அதே மரபுக்கு உரியதுதான்.

இலையின் வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு நம் பழைய வட ஆற்காட்டிலேயே மிகத் தெளிவான சான்று கடுக்காயும் ஆவாரையும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோல் தொழில், பதனிடுவதற்குக் குரோம் உப்பு வருவதற்கு முன்பு ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் நம்பி நடந்தது. இரண்டிலும் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. டானின் தோலிலுள்ள புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்வதால் தோல் அழுகாமல் நிலைக்கிறது. வாய்ப்புண்ணுக்குக் கடுக்காய்த் தூளால் கொப்புளிக்கும்போதும், கழிச்சலுக்குத் துவர்ப்பான பட்டைக் கஷாயம் கொடுக்கும்போதும் நடப்பது அதே வேதிவினையின் மென்மையான வடிவம். புண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதம் இறுகி ஒரு மெல்லிய படலமாகிறது, கசிவு குறைகிறது, கிருமி வளரும் இடம் சுருங்குகிறது. கடுக்காயின் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று கிழவிகள் வற்புறுத்துவதும் பொருளுள்ளது. துவர்ப்பு குவிந்திருப்பது கொட்டையில் அன்று, சுற்றியுள்ள சதையில். மலையில் கடுக்காய் பொறுக்கிய குடும்பமும், அதைத் தோல் ஊறும் தொட்டியில் கொட்டிய தொழிலாளியும், பேரனுக்கு இழைத்துக் கொடுத்த பாட்டியும் ஒரே பொருளின் ஒரே குணத்தைத்தான் பயன்படுத்தினார்கள்.

அந்தத் தோல் தொழிலே இன்று வேறு வகையில் நம் மூலிகைகளைத் தொடுகிறது. குரோம் பதனிடுதல் பரவிய பின் பாலாற்றுப் படுகையில் நேர்ந்த கேட்டைத்தான் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் விரிவாகப் பேசியது; மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு நம் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. செடிகள் மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சும். ஆகவே தோல் கழிவுநீர் பாய்ந்த நிலத்திலும், சாக்கடைக் கரையிலும், நெடுஞ்சாலை ஓரத்திலும் முளைத்த கீழாநெல்லியையோ கரிசலாங்கண்ணியையோ எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் பறிக்காதீர்கள். சுவடிகள் எழுதப்பட்ட காலத்தில் இந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. இன்று வேலூரில் வாழ்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

சித்தப்பாவின் செய்திக்கு வருகிறேன். கீழாநெல்லியைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் கிருமியை நெடுநாள் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், மருந்து உண்டவர்களில் 59 சதவீதத்தினரின் ரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாகவும், வெற்றுப் பொடி உண்டவர்களில் 4 சதவீதத்தினருக்கே அப்படி நேர்ந்ததாகவும் அதில் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறா, விளைந்த மண் வேறா, முதல் ஆய்வின் எண்ணிக்கை சிறிதானதால் வந்த தோற்றமா என்ற விவாதம் தொடர்ந்தது. நம்பிக்கை தரும் தொடக்கமும் உறுதிப்படாத முடிவும் என்று இதைச் சொல்வதே நேர்மையானது.

இனம் வேறா என்ற கேள்வி சிறியதன்று. கீழாநெல்லிச் செடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய காம்பின் இருபுறமும் புளியிலை போல் அடுக்கடுக்கான சிற்றிலைகள். அவற்றின் அடிப்பக்கத்தில், ஒவ்வோர் இலைக் கக்கத்திலும் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை உருண்டைகள் வரிசையாகத் தொங்கும். இதே சாயலில் தண்டு சிவந்த ஒன்றும், காய்கள் காம்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஒன்றும், மேலாநெல்லி என்று வேறாக அழைக்கப்படுவதும் வயலில் பக்கத்துப் பக்கத்திலேயே முளைக்கும். பழகிய கண் ஒரு நொடியில் பிரித்துவிடும். கைப்பேசியில் படம் பார்த்துப் பறிப்பவரின் கட்டில் எல்லாம் கலந்திருக்கும். காய வைத்துப் பொடித்துப் பாக்கெட்டில் அடைத்துவிட்டால் வைத்தியராலும் பார்வையைக் கொண்டு சொல்ல முடியாது.

மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயரன்று, அடையாளம். அசுத்த நீரால் வரும் ஹெபடைடிஸ்-ஏ, ஹெபடைடிஸ்-இ காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். கீழாநெல்லி உண்டாலும் தணியும், உண்ணாவிட்டாலும் தணியும். கீழாநெல்லிக்குக் கிடைத்த புகழின் பெரும்பகுதி இங்கிருந்து வந்தது. பித்தக்குழாய்க் கல், மதுவால் கெட்ட கல்லீரல், கணையக் கட்டி ஆகியவையும் அதே மஞ்சளைத்தான் கண்ணில் காட்டும். அவற்றை இலை தீர்க்காது, நாள் மட்டும் கடக்கும். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ்-இ உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே சித்தப்பாவிடம் கீழாநெல்லி பொய் என்று வாதாட வேண்டாம். அவர் மனம் புண்படும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். எந்த வகைக் காமாலை என்று ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்து தெரிந்துகொண்ட பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லுங்கள். தூக்கக் கலக்கம், உளறல், ரத்தக் கசிவு, வயிறு வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நொடியே மருத்துவமனை. காமாலைக்குக் கையில் சூடு போடுவதையும் கண்ணில் சாறு விடுவதையும் எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள்.

அடுத்து அப்பாவின் சர்க்கரை நோய். அதற்கு நம் பக்கத்தில் சொல்லும் பச்சிலை சிறுகுறிஞ்சான். இதன் குணத்தை நீங்களே நாவில் அறியலாம். பச்சை இலை ஒன்றை நன்றாக மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டால் அது மணலைப் போல் நறநறக்கும், இனிப்பு தெரியாது. அரை மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ இந்த நிலை நீடிக்கும். புளிப்பும் உப்பும் வழக்கம்போல் தெரியும். ஆங்கிலேய அதிகாரி எட்ஜ்வொர்த் 1847-இல் இதை எழுதி வைத்தார். இதற்குக் காரணமான ஜிம்னெமிக் அமிலத்தை ஹூப்பர் 1887-இல் பிரித்தெடுத்தார். அவர்களுக்கு முன்பே இதைச் சர்க்கரைக்கொல்லி என்று அழைத்தவர்கள் நம் மக்கள். ரத்தச் சர்க்கரையையும் இது ஓரளவு குறைக்கலாம் என்பதற்குச் சென்னையில் 1990-ஐ ஒட்டி நடந்த ஆய்வுகள் உட்படச் சில சான்றுகள் உண்டு. அவை சிறிய ஆய்வுகள்; மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ மாற்று என்று சொல்லும் வலு அவற்றுக்கு இல்லை.

இதில் ஆபத்து எங்கே என்றால், இலை வேலை செய்யாமல் போவதிலும் இருக்கிறது, வேலை செய்வதிலும் இருக்கிறது. மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை மிகவும் இறக்கிவிட்டால் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்த்து உண்பதும், சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதும் ஒன்றுக்கொன்று குறைந்த தவறல்ல. இன்சுலினை நம்பி வாழும் முதல் வகைச் சர்க்கரை நோயாளி அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். அப்பா விரும்பினால் ஆவாரம்பூக் குடிநீரோ சிறுகுறிஞ்சானோ அளவோடு எடுக்கட்டும். ஆனால் மருத்துவருக்குத் தெரிந்து, சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்து, சிறுநீரகச் சோதனையும் செய்துகொண்டு எடுக்கட்டும்.

பாம்புக்கடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் இந்தப் பேச்சில் அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கடிபட்டவர்கள் பலர் பச்சிலையால் பிழைத்ததாகச் சொல்வது பொய்யன்று. கடித்த பாம்புகளில் பல நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சில முறை நஞ்சை இறக்காமல் கடிக்கும். அந்தக் கணக்கு முழுவதும் வைத்தியரின் பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சு உடம்பில் ஏறிவிட்டால் அதை முறிக்கும் மருந்து நஞ்சுமுறி ஊசி ஒன்றே. அந்த ஊசிக்கான நஞ்சை எடுத்துத் தருபவர்களே இருளர்கள்தான். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் அவர்களுடைய பாம்புப்பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தரும் நஞ்சிலிருந்து நாடெங்கும் பயன்படும் ஊசி மருந்து தயாராகிறது; அந்தச் சமூகத்தைச் சேர்ந்த இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இருளரின் பாம்பு அறிவை மதிப்பவர் செய்ய வேண்டியது ஊசி கிடைக்கும் மருத்துவமனைக்கு விரைவதுதான்.

பாம்புக்கடிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் நம் ஊர்களில் கொடுக்கப்படும் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய இரண்டையும் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. இதே குடும்பத்துச் செடி ஒன்று தவறுதலாகக் கலந்த, உடல் எடையைக் குறைக்கும் மருந்தை உண்டு 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் பல பெண்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள். சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தச் செடிகளை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. பாதிப்பு சில மாதமோ சில ஆண்டோ கழித்துத் தெரிவதால், கொடுத்த மருந்தையும் வந்த நோயையும் இணைத்துப் பார்க்க எந்த வைத்தியருக்கும் வாய்ப்பே இருந்திருக்காது. கண்ணெதிரே நடப்பதைக் கூர்ந்து கவனித்து வளர்ந்த மரபுக்கு இது எட்டாத இடம். இந்த ஒன்றில் ஆய்வகம் சொல்வதைத் தயங்காமல் ஏற்க வேண்டும். இவற்றை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மலையில் வாழ்பவர் ஏன் முதலில் பச்சிலையைத் தேடுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலைக் கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. உடலைத் திரும்பக் கொண்டுவரவும் தாய் கையில் சுமந்து நடக்க வேண்டியிருந்தது. அங்கு வாழ்பவரை மூடநம்பிக்கை உள்ளவர் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அந்தப் பச்சிலையும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. பாறைச் சரிவுகளில் படரும் மாகாளிக்கிழங்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊறுகாய்க்காகவும், சர்பத்தில் நன்னாரிக்கு மாற்றாகவும் மூட்டை மூட்டையாக மலையிலிருந்து இறங்குகிறது. நன்னாரி மெலிந்த வேர். மாகாளி பருத்த கிழங்கு. மணம் ஏறத்தாழ ஒன்று. வேரோடு தோண்டுவதால் கொடி அங்கேயே முடிந்துபோகிறது. விதையிலிருந்து மீண்டும் வளர்ந்து கிழங்கு திரளப் பல ஆண்டுகள் ஆகும். சொந்தத் தேவைக்குத் தோண்டியவர்கள் ஒரு பகுதியை மண்ணில் விட்டுவருவார்கள். எடைக்குக் காசு கொடுக்கும் வியாபாரம் அந்த வழக்கத்தை அழித்தது. மலைக்குப் போய்ச் சேரும் பணமோ, நகரத்துக் கடையில் நாம் கொடுக்கும் விலையில் மிகச் சிறிய பகுதி.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூலிகை, வேர், கிழங்கு உள்ளிட்ட சிறு வன மகசூலின் மீது வனத்தில் வாழ்வோருக்கு உடைமை உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2016-க்குப் பிறகுதான் நகரத் தொடங்கியது. அறிவுக்கான பங்கு இன்னும் கடினமான செய்தி. அகத்தியமலைப் பழங்குடியினரான காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியபச்சை என்ற செடியிலிருந்து கேரளத்து ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் உரிமத்தை விற்று, வந்த தொகையில் பாதியைக் காணிக்காரர்களுக்கு ஒதுக்கியது; குறைகள் இருந்தாலும் அது ஒரு முன்மாதிரி. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் பயன் பகிர்வைக் கட்டாயமாக்கியது. ஆனால் 2023 திருத்தம், நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. மலையாளியும் இருளரும் வாய்மொழியாக வைத்திருந்த ஒரு மருந்து ஏதோ ஒரு சித்த நூலிலும் இருந்துவிட்டால், அதை விற்பவர் அவர்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்ற நிலை வருகிறது. இதை நான் அநீதி என்றே கருதுகிறேன்.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதே பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும், அந்த ஊரின் உயிர்வளத்தையும் அதைப் பற்றிய அறிவையும் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். பாட்டி இன்னும் நினைவோடு இருந்தால், அவர் யாரிடம் சரக்கு வாங்கினாரோ அந்தக் குடும்பத்தையும் தேடிச் செல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும், அவர்கள் வெளியிட வேண்டாம் என்பதை விட்டுவிட்டு, செடியின் பெயரை அவர்கள் வாயால் வருவது போலவே எழுதுங்கள். பறிக்கும் மாதம், பயன்படும் பகுதி, அளவு, அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் மோர், பால் போன்றவை), பத்தியம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பவற்றையும் சொன்னவரின் பெயரையும் சேர்த்து எழுதி, ஒரு படியை அந்தக் குடும்பத்திடமும் இன்னொன்றை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமும் கொடுங்கள்.